மணலுக்கு அடியில் மிதக்கும் நல்ல தண்ணீர்: வாசகர் கேள்வி – பதில்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த தண்ணீர்க் கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கியிருக்கிறோம்.

தனுஷ்கோடிப் பக்கம் கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போதே மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. நாங்கள் அரை கிலோமீட்டர் உள்ளே தள்ளி 60 அடிக்கு போர் போட்டோம். வாயில் வைக்க முடியவில்லை. இது என்ன கணக்கு?
*– வாசகர், தங்கச்சிமடம்*

நீங்கள் நல்ல தண்ணீரைத் துளைத்துக்கொண்டு அதற்குக் கீழே போய்விட்டீர்கள். மணலில் இறங்கும் மழைநீர், அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் எண்ணெய் போல மிதக்கிறது. நல்ல தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீருடையது 1.025. இந்தச் சின்ன வித்தியாசத்தால் ஒரு கணக்கு பிறக்கிறது: நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். இது ஏட்டுக் கணக்கு. நடுவில் இரண்டும் கலந்த சவர்த் தண்ணீர்ப் பகுதி ஒன்று உண்டு என்பதால் குடிக்கத் தகுந்த ஆழம் இதைவிடக் குறைவுதான்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் ஆபத்து தெரியும். மோட்டார் போட்டு நீர்மட்டத்தை 4 அங்குலம் இறக்கினால், அந்த இடத்துக்கு நேர் கீழே உப்பு நீர் 13 அடி வரை மேலேறப் பார்க்கும். கூம்பு போலக் குவிந்து ஏறும். ஏறிய உப்பு, மோட்டாரை நிறுத்திய மறுநாளே இறங்கிவிடாது. அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழை வரை காத்திருக்க வேண்டும். சில சமயம் இரண்டு மழைக்காலமும் ஆகும்.

ஆகவே ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். கையால் தோண்டும் ஊற்று பிழைத்திருப்பதற்குக் காரணமே அது மேலாக்கத் தோண்டப்படுவதுதான். உங்கள் இடத்துக்கு 3 அடி விட்டமுள்ள சிமென்ட் உறை (வளையம்) இறக்கிய கிணறு போதும். கோடையில் நீர்மட்டம் நிற்கும் இடத்துக்குக் கீழே 2 அல்லது 3 அடியோடு நிறுத்துங்கள். அடியில் அரை அடிக்குக் கல் ஜல்லி பரப்புங்கள். இல்லாவிட்டால் மணல் ஏறும். அரை ஹெச்.பி. மோட்டாரை ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டுவதைவிட, 10 நிமிடம் ஓட்டி ஒரு மணி நேரம் விட்டு மறுபடி 10 நிமிடம் ஓட்டுவது மேல்.

இன்னும் அதிகம் தேவைப்படும் இடத்தில், 4 அங்குல பிவிசி குழாயில் ரம்பத்தால் கீறல் போட்டு, நைலான் வலை சுற்றி, கரைக்கு இணையாக 10 முதல் 15 மீட்டர் நீளத்துக்கு நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே படுக்க வைத்து, ஒரு உறைக்கிணற்றில் வந்து விழும்படி சரிவு கொடுக்கலாம். ஒரே இடத்தில் உறிஞ்சாமல் நீளவாக்கில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதால் உப்புக் கூம்பு எழும் ஆபத்து வெகுவாகக் குறையும். செப்டிக் டேங்க் 50 அடிக்குள் இருந்தால் இதில் எதுவுமே செய்யாதீர்கள். மணல் உப்பைத் தடுக்காதது போலவே கழிவையும் தடுப்பதில்லை.

பழைய போரை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறோம்: அதை மூடுங்கள். களிமண் உருண்டை போட்டு அடைத்து, மேலே சிமென்ட் பூசுங்கள். திறந்து கிடக்கும் போர், கீழ் உப்பு மேலே வர ஒரு தனிப்பாதை.

எங்கள் ஊர் ஊரணியை ஜே.சி.பி. வைத்து 5 அடி ஆழப்படுத்தினார்கள். அதுவரை தேன் போல இருந்த தண்ணீர் இப்போது உப்புக் கரிக்கிறது. தூர் வாருவது நல்லது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?
*– வாசகி, சாயல்குடி*

தூர் வாருவது நல்லதுதான். உங்கள் ஊரில் தூரோடு சேர்த்துத் தரையையும் வாரியிருக்கிறார்கள். இந்தக் கரையில் பல ஊரணிகளுக்கு அடியில் ஒரு களிமண் படுகை உண்டு. ஊரணியைத் தாங்கும் பாத்திரம் அதுதான். அதற்குக் கீழே மணல், மணலில் உப்பு நீர். பாத்திரத்தின் அடியில் ஓட்டை விழுந்தால், மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் கீழே போகும், கோடையில் உப்பு நீர் மேலே வரும்.

ஆனால் ஓட்டைதான் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். புதிதாக வெட்டிய களிமண்ணிலேயே பழைய உப்பு இருக்கும். முதல் ஆண்டுத் தண்ணீர் கரிப்பது அதனாலும் இருக்கலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை டி.டி.எஸ். மீட்டரில் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கருவி) அளந்து எழுதுங்கள், அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே ஊரணியில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதையும் எழுதி வாருங்கள். வெயிலில் தண்ணீர் போகும், உப்பு போகாது. ஆகவே இருந்த தண்ணீரில் பாதி ஆவியானால் டி.டி.எஸ். இரட்டிப்பாவது இயல்பு. பாதி குறைந்ததற்கு மூன்று, நான்கு மடங்கு ஏறினால் கீழிருந்து உப்பு வருகிறது என்று பொருள். இரண்டாம் ஆண்டு தானாகவே குறைந்தால் அது மண்ணின் உப்பு. ஒருமுறை நிரப்பி வெளியேற்றினால் சரியாகிவிடும்.

ஓட்டை உறுதியானால் ஆனி, ஆடியில் ஊரணி வற்றும்போது மணல் தெரியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் மொத்தத் தரையும் போயிருக்காது, ஓரிரு திட்டுகள்தான் இருக்கும். அந்தத் திட்டையும் சுற்றிலும் 3 அடியையும் தோண்டி, பக்கத்துக் கண்மாய்க் களிமண்ணை அரை அடி கனத்துக்குப் போட்டு, நனைத்து, டிராக்டர் ஏற்றி இறுக்கி, அதன்மேல் அடுத்த அரை அடி. இப்படி குறைந்தது ஒன்றரை அடி கனம் வர வேண்டும். பிறகு மழை வரும் வரை காயவிடாமல் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்து வெடித்தால் போட்ட உழைப்பு அந்த வெடிப்பு வழியாகவே இறங்கிவிடும்.

இனி தூர் வாரப்போகும் ஊர்களுக்கு: இயந்திரம் வருமுன் கைத்துளைக் கருவியால் நான்கு மூலையிலும் நடுவிலும் துளை போட்டு, களிமண் எத்தனை அடி இருக்கிறது என்று பாருங்கள். வண்டல் கறுத்து, கொழகொழவென்று வரும். பழைய தரை விறைப்பாக வரும். விறைப்புத் தட்டிய இடத்தில் நிறுத்த வேண்டும், கீழே 2 அடிக் களிமண்ணாவது மிஞ்ச வேண்டும். கரையைச் செங்குத்தாக வெட்டினால் முதல் மழையிலேயே சரியும். 1 அடி இறங்க 2 அடி விலகும் சரிவு வேண்டும். வாரிய வண்டலைக் கரை மேலேயே குவித்து வைப்பது, அதை மறுபடி உள்ளே அனுப்புவதற்கான ஏற்பாடு. தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஊரணியில் சேரும் இடத்தில் 6 அடிக்கு 6 அடி, 3 அடி ஆழத்தில் ஒரு வண்டல் குழி வெட்டி, ஆண்டுக்கு ஒருமுறை அதை மட்டும் வாரினால் ஊரணியைத் தொட வேண்டிய தேவை வெகுவாகக் குறையும். இத்தனை அடி ஆழம், இத்தனை கன மீட்டர் மண் என்று அளந்து பணம் தரும் ஒப்பந்தத்தில் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. எங்கே நிறுத்துவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி கிராமசபையில் கேளுங்கள்.

வைகை அணையில் தெர்மாகோல் விட்டதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க நினைத்தது தவறா?
*– வாசகர், தொண்டி*

நினைத்தது தவறில்லை. ஆவியாதல் எவ்வளவு பெரிய இழப்பு என்பதை ஊரணியை வைத்துப் பாருங்கள். ஒரு ஏக்கர் பரப்பு சுமார் 4,050 சதுர மீட்டர். நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 20,000 லிட்டர். இருநூறு குடும்பங்கள் வீட்டுக்கு 50 லிட்டர் எடுத்தால் 10,000 லிட்டர். ஊர் குடிப்பதைப் போல இரண்டு மடங்கை வெயில் குடிக்கிறது.

2017 ஏப்ரலில் வைகையில் விட்ட அட்டைகளுக்கு எடை இல்லை. காற்றடித்ததும் கரை ஒதுங்கின. லாஸ் ஏஞ்சலஸ் நீர்த்தேக்கத்தில் 2015இல் 9.6 கோடிக் கறுப்புப் பந்துகளை விட்டார்களே என்று கேட்பீர்கள். அந்தப் பந்துகளுக்குள் எடைக்காகத் தண்ணீர் இருந்தது. முக்கியமான நோக்கமும் வேறு: குளோரின் கலந்த நீரில் வெயில் பட்டு புரோமேட் என்ற கெடுதலான பொருள் உண்டாவதைத் தடுப்பது. ஆவியாதல் குறைந்தது கூடுதல் லாபம். அந்தப் பந்துகளைச் செய்யவே எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்ற கேள்வியும் பின்னால் எழுந்தது.

ஊரணிக்கு இவை எதுவும் வேண்டாம். பரப்பைக் குறைப்பதுதான் வழி. அமெரிக்காவின் வறண்ட அரிசோனாவில் ஆய்ந்த முறை ஒன்று நமக்கும் பொருந்தும்: ஊரணிக்குள் ஒரு குறுக்குக் கரை போட்டு இரண்டாகப் பிரிப்பது. மாசி, பங்குனியில் இரண்டிலும் தண்ணீர் பாதியானதும், ஒன்றிலிருப்பதை மற்றதற்கு இறைத்துவிட வேண்டும். அதே தண்ணீர், பாதிப் பரப்பு, பாதி இழப்பு. ஒரு நாள் டீசல் செலவு. ஆடிக் காற்று வரும் பக்கத்தில் பனை வைத்தால் காற்றின் வேகமும் குறையும். ஆனால் மரம் தண்ணீர் விளிம்பிலிருந்து 15 அடியாவது தள்ளி நிற்கட்டும்.

500 சதுர அடி மாடி இருக்கிறது. மழைநீரை வைத்து ஆண்டு முழுவதும் குடிக்க முடியுமா? எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?
*– வாசகி, தேவிபட்டினம்*

முடியும். 500 சதுர அடி என்பது 46 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். வடகிழக்குப் பருவத்தில் 500 மி.மீ. பெய்து அதில் ஐந்தில் நான்கு பங்கு வந்து சேர்ந்தாலே 18,000 லிட்டருக்கு மேல். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 25 லிட்டர். தை முதல் புரட்டாசி வரை 270 நாளுக்கு 6,750 லிட்டர். ஆகவே 7,000 லிட்டர் தொட்டி. மழை பாதியாகப் பொய்த்தாலும் நிரம்பிவிடும்.

2 மீட்டர் விட்டம், இரண்டேகால் மீட்டர் உயரம் என்றால் 7,000 லிட்டர் பிடிக்கும். நிரம்பினால் 7 டன், மாடியில் வைக்கக் கூடாது. தரையில் கட்டுங்கள், புதைக்கவும் வேண்டாம். கடற்கரை மணலில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறும்போது காலித் தொட்டி படகு போல மிதக்க எழும்பி விரிசல் விடும். சிமென்ட் குழைக்கவும், கட்டிய பின் நனைக்கவும் உப்புத் தண்ணீரோ கடல் மணலோ கூடவே கூடாது. உள்ளே இருக்கும் கம்பி வலை துருப்பிடித்து, நான்கைந்து ஆண்டில் பூச்சு உரிந்து வரும். இந்தக் கரையில் தொட்டிகள் சாவது பெரும்பாலும் இதனால்தான்.

மாடியில் காக்கை எச்சம் மட்டுமல்ல, கடல்காற்று கொண்டுவந்த உப்பும் படிந்திருக்கும். முதல் பெருமழையை முழுவதும் வெளியே விடுங்கள். அதன்பின் ஒவ்வொரு மழையிலும் முதல் 2 மி.மீ., அதாவது சுமார் 90 லிட்டர், தொட்டிக்குப் போகக் கூடாது. பலர் 4 அங்குலக் குழாய் ஒன்றைத் தொங்கவிட்டு இதைச் செய்துவிட்டதாக நினைக்கிறார்கள். அதில் மீட்டருக்கு எட்டரை லிட்டர்தான் பிடிக்கும். 100 லிட்டர் டிரம் வையுங்கள். அது நிரம்பியபின் தண்ணீர் தொட்டிக்குத் திரும்பட்டும். டிரம் அடியில் சொட்டுச் சொட்டாக வடியும் குழாய் ஒன்று இருந்தால் அடுத்த மழைக்குத் தானே காலியாகிவிடும்.

தொட்டிக்குள் வெளிச்சம் போனால் பாசி, கொசு போனால் டெங்கு. நிரம்பி வழியும் குழாய்க்கும் வலை கட்டுங்கள், அதை மறப்பவர்கள்தான் அதிகம். எடுக்கும் குழாய் அடியிலிருந்து 4 அங்குலம் மேலே இருக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் 7,000 லிட்டருக்கு 45 கிராம், பாக்கெட் பழசாக இருந்தால் 55 கிராம். கடல்காற்றில் திறந்து வைத்த பவுடர் சில வாரங்களில் வெறும் சுண்ணாம்பாகிவிடும். ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

டி.டி.எஸ். மீட்டர் 180 காட்டுகிறது. தைரியமாகக் குடிக்கலாமா?
*– வாசகர், கீழக்கரை*

உப்புப் பிரச்சினை இல்லை. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. ஆனால் மீட்டருக்குக் கிருமி தெரியாது. சாக்கடை கலந்த மழைநீரும் 180 காட்டும். குடிநீர் வாரிய ஆய்வகத்தில் ஆண்டுக்கு இருமுறை கொடுத்துப் பாருங்கள்.

ஊராட்சியில் வைத்த ஆர்.ஓ. இயந்திரம் ஆறு மாதத்தில் நின்றுபோனது. பக்கத்து ஊரிலும் அப்படியே. இந்தத் தொழில்நுட்பமே நமக்குச் சரிப்படாதா?
*– வாசகர், ஏர்வாடி*

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையையே 1990களின் இறுதியில் நரிப்பையூரில் வைத்துப் பார்த்த மாவட்டம் இது. நாளைக்கு 38 லட்சம் லிட்டர் கணக்கில் அமைத்தது. தொழில்நுட்பம் நமக்குப் புதிதல்ல. நிற்பது இயந்திரத்தால் அல்ல, அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய நோட்டுப் புத்தகம் இல்லாததால்.

நாளைக்கு இரண்டு முறை நான்கு எண்கள் எழுத வேண்டும்: உள்ளே போகும் அழுத்தம், நல்ல தண்ணீர் அளவு, கழிவு நீர் அளவு, நல்ல தண்ணீரின் டி.டி.எஸ். அதே அழுத்தத்தில் நல்ல தண்ணீர் 10 முதல் 15 சதவீதம் குறைந்தால், உப்பைத் தடுத்து நல்ல தண்ணீரை மட்டும் விடும் சவ்வை உடனே கழுவ வேண்டும். சுண்ணாம்பு படிந்திருந்தால் 2 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். முப்பது சதவீதம் குறையும் வரை விட்டால் படிவு இறுகிவிடும், புதுச் சவ்வுதான். 5 மைக்ரான் வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் 1 பாரைத் தொட்டால் மாற்ற வேண்டும். மிச்சம் பிடிக்கிறோம் என்று கழுவிப் போட்டால் அழுக்கு சவ்வுக்குப் போகும். குளோரின் போட்ட தொட்டி நீரை நேரே உள்ளே விட்டால் சவ்வு கரிந்துவிடும், நடுவில் கரி வடிகட்டி இருக்க வேண்டும். நிறுத்தும்போது நல்ல தண்ணீரால் 10 நிமிடம் அலச வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்துவதானால் 1 சதவீத சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலில் ஊற வைக்க வேண்டும். தேர்தல், திருவிழா, ஆபரேட்டர் சம்பளப் பாக்கி என்று இருபது நாள் மூடிக் கிடந்த இயந்திரம் திறந்ததும் நாறுவது இதைச் செய்யாததால்தான்.

இன்னொன்று கழிவு நீர். 4,000 டி.டி.எஸ். தண்ணீரில் பாதியை நல்லதாக எடுத்தால் மீதி 8,000 ஆகிறது. அதை அறைக்குப் பின்னால் மண்ணில் விட்டால் அதே போருக்கு இறங்கும். ஆறு மாதத்தில் 4,000 என்பது 5,000, 6,000 ஆகும். இயந்திரம் தன் காலையே வெட்டிக்கொள்கிறது.

கொள்கை வகுப்பவர்களிடம் கேட்க வேண்டியதும் இதுதான். டெண்டரை இயந்திர விலைக்கு விடாமல், ஐந்தாண்டு தரப்போகும் ஒவ்வொரு ஆயிரம் லிட்டருக்கும் என்ன விலை என்று விட வேண்டும். அப்போது சவ்வைக் காப்பாற்றுவது ஒப்பந்தக்காரரின் கவலை ஆகிவிடும்.

லட்சத்தீவில் சவ்வே இல்லாமல் கடல்நீரை நல்ல நீராக்குகிறார்களாமே? பாம்பனில் ஏன் வைக்கவில்லை?
*– கல்லூரி மாணவி, மண்டபம்*

ஆழம் இல்லை. சென்னையின் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் கவரத்தியில் நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் ஆலையை அமைத்தது. 28 பாகை வெப்பமுள்ள மேல்மட்டக் கடல்நீரைக் காற்று நீக்கிய அறைக்குள் விட்டால் சூடாக்காமலே ஒரு பங்கு ஆவியாகும். 350 மீட்டர் ஆழத்துக் குளிர்நீர் ஓடும் குழாய்களில் அந்த ஆவி பட்டுத் தண்ணீராகும். பவளத்தீவு என்பதால் அங்கே கரையை விட்டு இறங்கியதுமே கடல் ஆழமாகிவிடுகிறது. நம் பாக் நீரிணையோ பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவு. குளிர்நீருக்கு எங்கே போவது? மன்னார் வளைகுடாவில் ஆழம் உண்டு, ஆனால் கரையிலிருந்து நெடுந்தூரம். இடையில் 21 தீவுகளும் 1986இல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்காவும் இருக்கின்றன. நல்ல அறிவியல், நமக்கு ஆகாத இடம்.

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பக்கம் நம் மழையில் கால் பங்குதான். அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?
*– வாசகர், திருப்புல்லாணி*

ஜெய்சல்மேரில் ஆண்டுக்கு 200 மி.மீ. அளவில்தான் மழை. நமக்கு 800ஐ ஒட்டி. அங்கே வீட்டுக்குப் பக்கத்திலேயே ‘டாங்கா’ என்ற மூடிய நிலத்தடித் தொட்டி. சுற்றிலும் தரையை இறுக்கிச் சரிவாக்கி வைத்திருப்பார்கள், பெய்வதெல்லாம் உள்ளே ஓடும். ஜோத்பூரின் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் இதைச் செப்பம் செய்து 21,000 லிட்டர் அளவில் வடிவமைத்தது: 3 மீட்டர் விட்டம், 3 மீட்டர் ஆழம். மூடியிருப்பதால் வெயிலுக்குப் பங்கு இல்லை. நம் ஊரணியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் அந்த மூடிதான்.

முழுக்கப் புகழவும் வேண்டாம். இந்திரா காந்தி கால்வாயில் சட்லெஜ், பியாஸ் நீர் வந்தபின் அங்கேயும் பல டாங்காக்கள் குப்பைக்குழி ஆயின. காவிரிக் குழாய் வந்தபின் நம் ஊரணிகளுக்கு நேர்ந்ததும் அதுவே. திருச்சிப் பக்கத்திலிருந்து இவ்வளவு தூரம் வரும் குழாயில் எங்காவது ஓரிடம் உடைந்தால் கடைசி ஊருக்குத்தான் முதலில் நிற்கும். கடைசி ஊர் நாம்.

செயற்கை மழை?
*– வாசகர், ஆர்.எஸ்.மங்கலம்*

மழையைத் தூண்டும் துகளை மேகத்தில்தான் தூவ முடியும், வறட்சியில் அதற்கேற்ற மேகம் கிடைப்பது அரிது.

சீமைக்கருவேலத்தை ஒழித்தால் நிலத்தடி நீர் ஏறிவிடுமா?
*– வாசகர், முதுகுளத்தூர்*

காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்று பரப்புவதற்கு ஆதாரம் இல்லை. கண்மாய்க்குள்ளும் வரத்துக்காலிலும் அது நிற்கக் கூடாது என்பதில் மாற்றுக் கருத்தும் இல்லை. ஓட்டத்தை அடைக்கிறது, வண்டலைப் பிடித்து வைக்கிறது. அங்கே வேரோடு எடுங்கள். தரை மட்டத்தில் வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். உவர் தரிசில் நிற்பதை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். வேறு மரம் வராத மண் அது, கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்கள் ஏராளம்.

புயலில் கடல்நீர் எங்கள் உறைக்கிணற்றுக்குள் புகுந்துவிட்டது. மூன்று நாளாக மோட்டார் வைத்து இறைக்கிறோம், உப்பு குறையவே இல்லை.
*– வாசகி, மூக்கையூர்*

உடனே நிறுத்துங்கள். 2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையில் இதே தவறு நடந்தது. திரும்பத் திரும்ப இறைத்ததில் கீழ் உப்பு மேலேறியது, சில கிணறுகள் சரிந்தும் போயின. முதல் கேள்வியில் சொன்ன கூம்பு இதுதான்.

கிணற்றில் விழுந்த குப்பையையும் அடிச் சேற்றையும் எடுத்து, ஒரே ஒருமுறை மெதுவாக இறைத்தால் போதும். இறைத்த நீரைத் தூரத்தில் விடுங்கள். கிணற்றைச் சுற்றிப் பள்ளங்களில் தேங்கி நிற்கும் கடல்நீரை வாய்க்கால் வெட்டி வடித்துவிடுங்கள், அதுதான் இன்னும் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது. பிறகு கிருமி நீக்கம்: 3 அடி உறையில் 6 அடித் தண்ணீர் நின்றால் சுமார் 1,200 லிட்டர், அதற்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர். பன்னிரண்டு மணி நேரம் விட்டு, குளோரின் வாடை போகும் வரை வாளியால் இறையுங்கள், மோட்டாரால் வேண்டாம். உப்பை மழைதான் கழுவ வேண்டும். அதுவரை பாத்திரம் துலக்க மட்டும் எடுங்கள். வாரம் ஒருமுறை டி.டி.எஸ். பார்த்து, 2,000க்குக் கீழே இறங்கியதும் ஒரு மாதிரியை ஆய்வகத்துக்குக் கொடுங்கள்.